குருவிக்காரரும் பறவை மனிதரும்

தமிழில் 'குருவிக்காரர்' என்றொரு சொல் உண்டு. நரிக்குறவர் மக்களைக் குறிக்கும் இந்தச் சொல் அரசாங்கத்தின் சாதிப் பட்டியலிலேயே இருக்கிறது. 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று ஒரு பட்டமும் உண்டு. அது பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்கு உரியது. யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பறவையை அறிந்தவர், பறவையோடு வாழ்ந்தவர். ஆனால் முதல் பெயருக்கு உரியவர் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. இரண்டாவது பெயருக்கு உரியவரின் படம் பாடநூலில் வருகிறது.

இந்தத் தூரத்துக்குக் காரணம், ஒருவர் பறவையைக் கொன்றார், மற்றவர் காப்பாற்றினார் என்பதுதான் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. சதுப்புநிலங்களில் பறவைகளைக் குவியல் குவியலாகக் கொன்றவர்கள் யார், பிறகு அதே சதுப்புகளைக் 'காக்க' யாரை வெளியேற்றினார்கள் என்று பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. அந்தக் கதையை இந்தியாவிலேயே மிகத் தெளிவாகச் சொல்லும் இடம் ராஜஸ்தானில் உள்ள பரத்பூர். அங்கே போய்விட்டு நம் ஊர்ச் சதுப்புக்கு வருவோம்.

கல்லில் எழுதிய கணக்கு

பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்புநிலம். முழுக்க இயற்கையானது அல்ல. பரத்பூர் அரசர்கள் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, நீரைத் தேக்கி உருவாக்கியது. நீர் தேங்கினால் வாத்து வரும், வாத்து வந்தால் வேட்டையாடலாம். வைஸ்ராய்களையும் மற்ற சமஸ்தான அரசர்களையும் விருந்துக்கு அழைத்து, துப்பாக்கி கொடுத்து, சுடச் சொல்லி உறவை வளர்த்த அரசியல் மைதானம் அது.

பூங்காவுக்குள் இருக்கும் கேவலாதேவ் கோயிலுக்கு அருகில் அந்த வேட்டைகளின் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. எந்தத் தேதி, யார் விருந்தினர், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் சுட்டு வீழ்த்தியது 4,273 பறவைகள். 4,200 என்றோ நாலாயிரத்துச் சொச்சம் என்றோ அல்ல, 4,273. விழுந்த ஒவ்வொன்றையும் யாரோ எண்ணியிருக்கிறார்கள். சுட்டவர்களின் பெருமை கல்லில் இருக்கிறது. குளிர்காலத் தண்ணீரில் இறங்கி விழுந்த வாத்துகளைப் பொறுக்கிக் கரைசேர்த்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1947க்குப் பிறகு இது நின்றுவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1956இல் அந்த இடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வேட்டையாடும் உரிமை முன்னாள் அரசருக்கு 1972 வரை இருந்தது. பதினாறு ஆண்டுகள் அது ஒரே சமயத்தில் சரணாலயமாகவும் வேட்டைக்களமாகவும் இருந்திருக்கிறது. யாருக்குச் சரணாலயம், யாருக்கு வேட்டைக்களம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

1981இல் ராம்சார் பட்டியலில் இடம், அடுத்து தேசியப் பூங்கா என்ற தகுதி, 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம். பெருமைகள் வரிசையாக வந்தன. அந்த வரிசையின் நடுவில் 1982 நவம்பரில் இன்னொன்று நடந்தது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேயக்கூடாது என்று தடை விதித்தார்கள். சுற்றியுள்ள கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக எருமைகளை ஓட்டிவந்து மேய்த்த இடம் அது. மக்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டது. கிராமத்தினர் செத்தார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? ஒரு நூலில் ஓர் எண் இருக்கும், இன்னொரு கட்டுரையில் வேறோர் எண் இருக்கும். வைஸ்ராய் கொன்ற வாத்துகளுக்கு ஒன்றுகூடப் பிசகாத கணக்கு இருக்கிறது. அரசாங்கம் கொன்ற மனிதர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண் ஒன்று இல்லை. வாத்துகளுக்குக் கல்வெட்டு உண்டு, மனிதர்களுக்கு அதுவும் இல்லை. இந்தியச் சூழல் பாதுகாப்பின் வரலாற்றை ஒரே இடத்தில் படிக்க வேண்டும் என்றால் இங்கே படிக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பரத்பூரில் எருமை மேய்த்தவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்லர். நிலமும் மாடும் வைத்திருந்த இடைநிலைச் சாதியினரும் அதில் உண்டு. ஆனால் மேய்ச்சல் நிலத்தையும் புல்லையும் விறகையும் மூடினால் யாருக்கு முதலில் வலிக்கும்? சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவருக்கு. நிலம் உள்ளவர் தன் வயல் வரப்பில் புல் அறுத்துக்கொள்வார். நிலமற்றவருக்கு ஊர்ப்பொதுவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பொதுநிலத்துக்குப் போடும் பூட்டு எல்லோருக்கும் பொதுவாக விழுவதில்லை.

புல் சொன்ன பதில்

மேய்ச்சலைத் தடுத்ததால் பறவைகளாவது பிழைத்தனவா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் அங்கேயே தங்கிச் செய்த நீண்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. எருமைகள் வெளியேறியதும் பாஸ்பலம் என்ற நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. வாத்துகள் நீந்தவும் நீருக்குள் இரைதேடவும் இடம் குறைந்தது. இத்தனை காலம் அந்தப் புல்லை அடக்கி வைத்திருந்தது எருமைகளின் வாய்தான் என்று அறிவியல் கண்டுபிடித்தது. மேய்ச்சல் தடைக்கு ஆதரவாக நின்ற அமைப்புகளில் ஒன்று அதே கழகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு புல்லை அகற்ற ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. மேய்ச்சலுக்கு மூடிய கதவை, புல் அறுக்க அனுமதிச்சீட்டு கொடுத்துக் கிராமத்தினருக்குத் திறந்தார்கள்.

இதில் இருக்கும் அநியாயத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிபுணர்கள் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்பது மட்டும் அல்ல விஷயம். அறிவியலில் கணிப்பு தவறலாம், திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணிப்பைச் சோதித்துப் பார்க்க விலையாகக் கொடுக்கப்பட்டது யாருடைய உயிர், யாருடைய பிழைப்பு என்பதே கேள்வி. எருமை மேய்ப்பவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் புல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கத் தோன்றாமல் இருப்பதுதான் சாதி.

துப்பாக்கியும் உண்டிவில்லும்

இப்போது சாலிம் அலியிடம் வருவோம். அவருடைய உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்தியப் பறவைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதிக்கு அவர் கடன்கொடுத்தவர். அவருடைய பறவை வாழ்க்கை எப்படித் தொடங்கியது என்பதை அவரே தன் வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பம்பாயின் வசதியான குடும்பம். வேட்டைப் பிரியரான மாமா. சிறுவனின் கையில் காற்றுத் துப்பாக்கி. அவன் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்று இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த வெள்ளைக்காரச் செயலர் அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்திய பறவைகளைக் காட்டி, சொல்லிக்கொடுத்தார். அந்த நூலின் பெயரே ஒரு குருவியின் வீழ்ச்சியைச் சொல்வதுதான்.

இதே காட்சியை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த பத்து வயதுப் பையன் உண்டிவில்லால் ஒரு குருவியை அடிக்கிறான். அதன் கழுத்தில் மஞ்சள் இருப்பதை அவனும் கவனிக்கிறான். அவன் எந்தக் கழகத்துக்குப் போவான்? அவனுக்கு யார் அலமாரியைத் திறந்துகாட்டுவார்கள்? வனத்துறையினர் கண்ணில் பட்டால் அவன் அப்பா மீது வழக்கு வரும். ஒரே செயல், ஒரே ஆர்வம். ஒருவனுக்கு அது அறிவின் வாசல், இன்னொருவனுக்குக் குற்றத்தின் வாசல்.

பறவையியல் என்ற அறிவுத்துறையே வேட்டையின் மீது கட்டப்பட்டது. காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பல்லாயிரக்கணக்கான பறவைத் தோல்களையும் முட்டைகளையும் சேகரித்து 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தோல் வேண்டுமென்றால் பறவையைக் கொல்ல வேண்டும். அதற்கு 'மாதிரி சேகரிப்பு' என்று பெயர். அரசர் செய்தால் 'விளையாட்டு'. வாத்து, காடை, கௌதாரி என்று வயிற்றுக்காகப் பிடித்தால் மட்டும் அது 'கள்ளவேட்டை'.

இந்தப் பெயர்வைப்பின் பின்னால் சட்டம் இருந்தது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தும் வேட்டையாடியும் வாழ்ந்த பல சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. வேட்டைக்காரர் என்பதையே தங்கள் பெயராகக் கொண்ட பார்தி மக்களும் அதில் சிக்கினார்கள். அந்தச் சட்டம் போய்விட்டது, காவல் நிலையங்களின் மனதிலிருந்து போகவில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்த வழியை அடைத்தது. அதுவரை, துப்பாக்கி வாங்கவும் உரிமக் கட்டணம் கட்டவும் முடிந்தவருக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருந்தது. கண்ணியும் வலையும் வைத்திருந்தவருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அவர்கள் கையில் இருந்த அறிவு மட்டும் எல்லோருக்கும் தேவைப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பரத்பூரிலும் நம் கோடியக்கரையிலும் வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் பெரும்பணியை நடத்தியது. வளையம் மாட்ட வேண்டுமானால் பறவையைக் காயமின்றி உயிரோடு பிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. பீகாரின் மீர்ஷிகார் என்ற பறவை பிடிக்கும் சமூகத்தினரைத்தான் அழைத்துவந்தார்கள். எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும், எந்தக் கண்ணியில் கால் முறியாது என்று அவர்களுக்குத் தெரியும். சைபீரியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் பறவைகள் போகும் பாதையை அறிவியல் அறிந்துகொண்டதில் அவர்களின் கைகளுக்குப் பங்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயராக அந்தக் கைகளைத் தேடிப்பாருங்கள்.

பூநாரையும் பெரும்பாக்கமும்

இனி நம் சதுப்புக்கு வரலாம். சென்னையின் பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும்போது சாலையோரம் நீளமான லென்ஸ்களோடு கூட்டம் சேர்கிறது. அந்த அழகு உண்மையானது. அதைப் பார்த்து மகிழ்வதில் தவறு எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் சதுப்பைக் கொன்றது யார் என்று கேட்க வேண்டும். பல்லாயிரம் ஏக்கர் விரிந்திருந்த நீர்நிலத்தின் நடுவே சாலை போட்டது யார்? மென்பொருள் வளாகங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் பட்டா கொடுத்தது யார்? மாநகரத்தின் குப்பையைப் பெருங்குடியில் மலையாகக் கொட்டியது யார்? உண்டிவில்லோடு திரிந்த எந்தக் குருவிக்காரரும் ஒரு சதுப்பை இப்படி அழித்ததில்லை. ஒரு கொக்கைப் பிடித்தவருக்குச் சிறை இருக்கிறது. ஆயிரம் கொக்குகள் இறங்கும் தண்ணீரை மூடியவருக்குத் திட்ட அனுமதி இருக்கிறது.

அதே சதுப்பின் ஓரத்தில்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளிலிருந்து 'நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள்' என்று பெயரிட்டு அப்புறப்படுத்தப்பட்ட மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வெளியேற்றி, இன்னொரு நீர்நிலையின் வெள்ளம் பாயும் வழியில் அடுக்குமாடி கட்டிக் குடியேற்றினார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. நாளைக்குச் சதுப்பின் எல்லையை அளக்க வரும் அதிகாரி இவர்களையே மறுபடியும் ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொன்னால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

1927இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியது ஏன் என்று நமக்குத் தெரியும். அந்தக் குளத்தில் கால்நடைகள் குடிக்கலாம், தீண்டப்படாதோர் குடிக்கக்கூடாது. மகாட் போராட்டம் கால்நடைகளுக்கு எதிரானது அல்ல. அதுபோலவே இந்தக் கட்டுரையும் பறவைகளுக்கு எதிரானது அல்ல. உயிரினங்களுக்குத் திறந்திருக்கும் நீர்நிலை சில மனிதர்களுக்கு மட்டும் ஏன் மூடியிருக்கிறது என்ற பழைய கேள்வியைத்தான் திரும்பக் கேட்கிறேன்.

அப்படியானால் சுட விடலாமா?

இதைப் படிக்கும் பறவை ஆர்வலர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: "சரி, அதற்காக இனி யார் வேண்டுமானாலும் பறவையைச் சுடட்டும் என்கிறீர்களா?" இல்லை. சதுப்புகள் சுருங்கிவிட்டன, பறவைகள் குறைந்துவிட்டன. இந்த நிலையில் வேட்டையைத் திறந்துவிடச் சொல்ல மாட்டேன். நரிக்குறவர் இளைஞர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கவும் இல்லை. அவர்கள் கேட்பது படிப்பு, வீட்டுமனை, கடை வைக்க இடம், சாதிச் சான்றிதழ். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது.

நான் சொல்வது இது: ஒரு சமூகத்தின் தொழிலைத் தடைசெய்யும் அரசு, அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவுக்கு ஒரு வாழ்வைக் கொடுக்கக் கடமைப்பட்டது. இது நடக்காத காரியம் அல்ல, தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது இருளர் மக்களின் பிழைப்பு போனது. 1978இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மறுபடியும் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு தேவைப்படுகிறது. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றார்கள். அந்தச் சங்கத்துக்கும் குறைகள் உண்டு, இருளர்கள்மீது காவல்துறையின் கொடுமையும் ஓயவில்லை. ஆனாலும், தடைசெய்த கையே மாற்றுவழியும் தர முடியும் என்பதற்கு அது சான்று. பாம்பு பிடித்தவருக்குச் செய்ய முடிந்ததைப் பறவை பிடித்தவருக்கு ஏன் செய்யவில்லை?

பரத்பூரிலேயே ரிக்‌ஷா ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வருபவர்களுக்கு அவர்கள் பறவையைக் காட்டிப் பெயர் சொல்கிறார்கள். வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பறவைக் காவலர், கணக்கெடுப்பாளர், வழிகாட்டி வேலைகளில் நரிக்குறவர், இருளர் இளைஞர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தற்காலிகக் கூலியாக அல்ல, நிரந்தரச் சம்பளத்தோடு. பறவைகளைப் பற்றி வாக்ரிபோலி மொழியில் இருக்கும் பெயர்களையும் அறிவையும் அவர்களின் பிள்ளைகளே ஆய்வு மாணவர்களாக வந்து பதிவுசெய்ய உதவித்தொகை கொடுக்கலாம். எழுத்து இல்லாத மொழி அது. முதியவர்கள் போனால் எல்லாம் போய்விடும்.

மேய்ச்சல், மீன்பிடிப்பு விஷயத்திலும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் வேட்டையாடும் உரிமையைத் தரவில்லை. ஆனால் வனநிலத்தில் மேய்ச்சல், நீர்நிலைகளின் மீன், நாடோடிச் சமூகங்கள் பருவந்தோறும் வந்து பயன்படுத்துவது ஆகியவற்றை உரிமையாகவே ஏற்கிறது. காப்புக்காடாகவும் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்ட சதுப்புகளில் வேலி போடுவதற்கு முன் இந்த உரிமைகள் விசாரிக்கப்பட்டனவா என்று கேட்க வேண்டியது சூழல் இயக்கங்களின் வேலை. வேலி வந்தால் பறவைக்கு நல்லது என்று கைதட்டுவதற்கு முன் பரத்பூரின் புல்லை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. படித்த இளைஞர்கள் பைனாகுலரோடு ஏரிக்கரைகளில் நிற்கிறார்கள். உங்களில் சிலரும் போகிறீர்கள், போங்கள். அடுத்த முறை அந்த ஏரிக்கு அருகில் நரிக்குறவர் குடியிருப்போ இருளர் குடியிருப்போ இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்களையும் அழைத்துப் போங்கள், சுமை தூக்க அல்ல, பெயர் சொல்ல. அவர்கள் சொல்லும் பெயரை உங்கள் பட்டியலில் எழுதுங்கள். பட்டியலை அனுப்பும்போது, பறவையைக் கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.